2203 என்ற எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி? நோட்டும் பேனாவும் போதும்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போய்க்கொண்டிருந்தோம், நானும் எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளும். இந்தப் பாதை மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி ஊட்டியில் 2203 மீட்டருக்கு ஏறுகிறது என்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குறிப்பில் இருப்பதைப் போனில் படித்துச் சொன்னேன். வண்டி வெலிங்டன் கூடத் தாண்டவில்லை, "மாமா, 2203 பகா எண்ணா?" என்று கேட்டுவிட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திற என்றேன். அருவங்காடு, கேத்தி என்று வண்டி ஏற ஏற அவள் போட்டுக்கொண்டே வந்தாள், லவ்டேல் வருவதற்குள் விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதோடு நிறுத்த மனசு வரவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் இந்த ஒரே எண்ணோடு உட்கார்ந்திருந்தோம். அப்போது செய்ததை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பெரும்பாலானவை பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் கையாலேயே சரிபார்க்கக்கூடியவை. படித்துக்கொண்டே போகாமல் கூடவே போட்டுப் பாருங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. ஊட்டி நிலையத்தின் உயரம் பகா எண்ணாக அமைந்திருந்தால் அது வெறும் தற்செயல்தான். அதே உயரத்தை அடியில் சொன்னால் 7228, அது 4 × 13 × 139 என்று உடைந்துவிடும். மீட்டர், அடி எல்லாம் மனிதர்கள் வைத்துக்கொண்ட அளவுகள். மலை நமக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது, இனி அந்த எண்ணை மட்டும் பார்ப்போம்.

முதல் படி: பகா எண்தானா?

ஒரு எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகா வகுத்தியாவது இருந்தே தீரும். 47 × 47 = 2209, அது 2203ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 43 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43. மொத்தம் 14.

பதினான்கு தடவை நீள்வகுத்தல் போடலாம், தப்பில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது வேறு வழி. பக்கத்து எண்களை உடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பகா எண் 2203ஐயும் பக்கத்து எண் ஒன்றையும் சேர்த்து வகுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அது வகுக்க வேண்டும். வித்தியாசம் சின்னதாக இருந்தால் அது நடக்காது.

2204 = 4 × 19 × 29. வித்தியாசம் 1. ஒன்றை எந்தப் பகா எண்ணாலும் வகுக்க முடியாது, ஆகவே 2, 19, 29 மூன்றும் ஒரே அடியில் போயிற்று.

2205 = 9 × 5 × 49. வித்தியாசம் 2. இதில் 3, 5, 7 போயின.

2201 = 31 × 71. வித்தியாசம் 2, 31 போயிற்று. இது முக்கியமான இடம். 2201ஐப் பார்த்தாலும் பகா எண் மாதிரியேதான் இருக்கும், ஆனால் அல்ல. பார்வையை நம்பக் கூடாது என்பதற்கு இதை விடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

2200ல் 11 இருக்கிறது, வித்தியாசம் 3. 2197 என்பது 13 × 13 × 13, வித்தியாசம் 6. 2210 = 2 × 5 × 13 × 17, வித்தியாசம் 7, ஆகவே 17ம் கிடையாது. 2208 = 32 × 3 × 23, வித்தியாசம் 5. 2193 = 3 × 17 × 43, வித்தியாசம் 10. மிச்சம் 37ம் 41ம். 37 × 60 = 2220, வித்தியாசம் 17; 41 × 54 = 2214, வித்தியாசம் 11. எதுவும் ஒத்துவரவில்லை.

பதினான்கும் தீர்ந்தன. 2203 பகா எண். வரிசையில் 328ஆவது.

இரண்டாம் படி: அக்கம்பக்கம்

மேலே போட்ட கணக்கிலேயே ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இந்த எண்ணின் அக்கம்பக்கத்தில் பெரிய இடத்து எண்கள் நிறைய. 2187 என்பது 3இன் ஏழாம் அடுக்கு. 2197 என்பது 13இன் கனம். 2209 என்பது 47இன் வர்க்கம். 2207 ஒரு லூக்காஸ் எண், அதாவது பிபனாச்சி வரிசையைப் போலவே முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போகும், ஆனால் 1, 3, 4, 7, 11, 18 என்று நடக்கும் வரிசையில் 16ஆவது. அதுவும் பகா எண்தான்.

கீழ்ப்பக்கம் போனால் 2203க்கு முந்தைய பகா எண் 2179. நடுவில் 24 இடைவெளி, இந்த அளவு எண்களுக்கு அது கொஞ்சம் நீளமான இடைவெளிதான். மேல்பக்கம் நாலே எண் தள்ளி 2207 நிற்கிறது.

மூன்றாம் படி: வர்க்கங்களாகப் பிரித்தல்

இந்தப் படியில் நிதானமாகப் போகலாம், எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

முதலில், 2203ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 4 ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 தான் வரும். இரட்டை எண்ணாக இருந்தால் 0, ஒற்றையாக இருந்தால் 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்றுதான், 3 வரவே வராது. 2203ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 3. முடியாது, முடிந்தது. ஒரு தேடலும் இல்லாமல் "முடியாது" என்று அடித்துச் சொல்ல முடிவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். சின்னவளும் இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

சரி, மூன்று வர்க்கங்கள்? இப்போது 8 ஆல் வகுத்துப் பாருங்கள். 8 × 275 = 2200, மீதி 3. ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8 ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 1. ஆகவே மூன்று ஒற்றை வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 3 வரும், 2203க்குப் பொருந்துகிறது. தேடுவது இப்படி: 2203லிருந்து ஒற்றை வர்க்கம் ஒன்றைக் கழித்து, மிச்சம் இரண்டு வர்க்கங்களாகப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

1ஐக் கழித்தால் 2202 = 2 × 3 × 367. இதில் 3 ஒரே ஒரு முறை வருகிறது, 4 ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் இப்படித் தனியாக வந்தால் பிரியாது. அடுத்து 9ஐக் கழியுங்கள். 2194 = 2 × 1097. இந்த 1097 = 29² + 16², அதாவது 841 + 256. இரண்டு மடங்குக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: இரண்டு எண்களின் கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் பழைய கூட்டுத்தொகையின் இரு மடங்கு வரும். 29 + 16 = 45, 29 − 16 = 13. ஆகவே 2194 = 45² + 13². அப்புறம் என்ன,

2203 = 45² + 13² + 3².

2025 + 169 + 9, கூட்டிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: 33² + 33² + 5² = 1089 + 1089 + 25 = 2203.

இதிலிருந்து முக்கோண எண்களுக்கு ஒரு கதவு திறக்கும். 1, 3, 6, 10, 15 என்று போவது முக்கோண எண்கள். 8 ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எண்ணை மூன்று ஒற்றை வர்க்கங்களாக எழுதினால், அந்த ஈவை மூன்று முக்கோண எண்களாக எழுதியது போல. ஒவ்வொரு ஒற்றை எண்ணிலும் ஒன்றைக் கழித்துப் பாதியாக்குங்கள்: 45 → 22, 13 → 6, 3 → 1. 22ஆவது முக்கோண எண் 253, 6ஆவது 21, 1ஆவது 1. மொத்தம் 275. நாம் பார்த்த ஈவு அதேதான். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் மூன்று முக்கோண எண்களாக எழுதலாம் என்பதை ஜெர்மன் கணித மேதை காஸ் தன் 19ஆவது வயதில் நிரூபித்து, 1796 ஜூலை 10 அன்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். மற்றப் பிரிப்பையும் (33, 33, 5) இதே மாதிரி மாற்றி 275 வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

அந்த 33, 33, 5ஐ வேறு விதமாகவும் படிக்கலாம்: 2203 = 5² + 2 × 33². ஒரு வர்க்கம், கூட இன்னொரு வர்க்கத்தின் இரு மடங்கு. 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 3 வரும் பகா எண்கள் எல்லாமே இப்படி எழுதப்படும், அதுவும் ஒரே ஒரு விதத்தில்.

இரு மடங்குக்குப் பதில் மூன்று மடங்கு? 3 ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை ஒரு வர்க்கம், கூட இன்னொரு வர்க்கத்தின் மூன்று மடங்கு என்று எழுதலாம். 2203க்கு 3 ஆல் வகுத்த மீதி 1 (இலக்கங்களைக் கூட்டினால் 7). ஆகவே இருந்தே ஆகவேண்டும், தேடத்தான் வேண்டும். 2203லிருந்து 3 × 1, 3 × 4, 3 × 9 என்று கழித்துக்கொண்டே போனோம், வர்க்கம் வரவே இல்லை, கழிக்க வேண்டியது ஏறக்குறைய தீர்ந்துபோன நேரத்தில் 3 × 27² = 2187, மிச்சம் 16. பதினாறு என்பது 4². ஆக 2203 = 4² + 3 × 27².

இதை எழுதிவிட்டு உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது. 27 என்பது 3³, அதனால் 3 × 27² என்பது 3⁷. 4² என்பது 2⁴. எனவே

2203 = 3⁷ + 2⁴.

வெறும் 2ம் 3ம் கொண்டு கட்டிய எண். அக்கம்பக்கம் பார்த்தபோது 2187 கண்ணில் பட்டும் இது தோன்றவில்லை. தேடிப் போய்த்தான் கிடைத்தது.

நான்காம் படி: ஒன்றை 2203 ஆல் வகுத்தால்

1 ÷ 2203 என்று தசமத்தில் போட்டால் எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை திரும்ப வரும்? ஒரு பகா எண்ணுக்கு (2, 5 நீங்கலாக) அந்தச் சுழற்சியின் நீளம், அந்த எண்ணில் ஒன்று குறைந்ததை வகுக்கும். 2202 = 2 × 3 × 367. ஆகவே நீளம் 1, 2, 3, 6, 367, 734, 1101, 2202 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆயிரம் இலக்கம் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 10இன் அடுக்குகளை 2203 ஆல் வகுத்த மீதியை மட்டும், வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் பத்துப் பன்னிரண்டு வரியில் முடியும். 10⁴க்கு மீதி 1188, 10⁵க்கு 865, 10¹¹க்கு 862, 10²²க்கு 633 என்று போய், 10இன் 367ஆம் அடுக்குக்கு மீதி 1917 வருகிறது. 1 வரவில்லை, ஆகவே 367 இல்லை. 1101ஆம் அடுக்குக்கு மீதி 1 வந்துவிடும். சுழற்சி 1101 இலக்கம், 2202இன் சரிபாதி. இந்த 1101ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இரும எண்ணில் 2203 என்பது 100010011011. 3ஐ அடிமானமாக வைத்த மும்ம முறையில் 10000121. இதில் சொல்ல அதிகம் இல்லை, 3⁷ முன்னால் நிற்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: 2203ஐ அடுக்காக வைத்தால்

இதுவரை சொன்னது போலப் பல பகா எண்களுக்கும் சொல்லலாம். கணித உலகத்தில் 2203க்குத் தனி இடம் இருப்பது வேறு காரணத்துக்கு: 2²²⁰³ − 1 என்பதும் பகா எண்.

இந்த மாதிரி எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர், மரின் மெர்சென் என்ற 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் துறவியின் பெயரால். 2² − 1 = 3, 2³ − 1 = 7, 2⁵ − 1 = 31, 2⁷ − 1 = 127 என்று வரும். அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் இது பகா எண்ணாக வராது. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தாலும் வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அதாவது முதல் படி ஒரு நுழைவுச் சீட்டு மட்டும்தான். அந்தச் சீட்டோடு போன பெரும்பாலானவை உள்ளே போகவில்லை: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127, 521, 607, 1279, அதற்கு அடுத்து 2203. பதினாறாவது.

எவ்வளவு பெரியது? 2இன் மடக்கை 0.30103. அதை 2203 ஆல் பெருக்கினால் 663.17 சொச்சம், ஆகவே 664 இலக்கம். கடைசி இலக்கம் 7. 2இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று சுற்றும், 2203ஐ 4 ஆல் வகுத்த மீதி 3, ஆகவே 8, அதில் ஒன்று குறைத்தால் 7. இரும முறையில் இன்னும் எளிது, வெறும் 1 மட்டும், 2203 தடவை. கடல் மட்டத்திலிருந்து ஊட்டி நிலையம் வரைக்கும் ஒரு மீட்டருக்கு ஒரு 1 வீதம் நட்டுக்கொண்டே வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பகா எண் என்று எப்படிச் சரிபார்ப்பது? முதலில் சுலபமான ஒரு வடிகட்டி. 4 ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண்ணை எடுத்து, அதை இரட்டித்து ஒன்று கூட்டுங்கள். அதுவும் பகா எண்ணாக இருந்தால், அது மெர்சென் எண்ணை வகுத்துவிடும். 11க்கு 23, மேலே பார்த்தோம். 23க்கு 47, அது 2²³ − 1ஐ வகுக்கிறது. 2203க்கு 4407. இலக்கங்களின் கூட்டல் 15, 3 ஆல் வகுபடும், ஆகவே பகா எண் இல்லை. 2203 இந்த வடிகட்டியில் மாட்டவில்லை.

முழுச் சோதனைக்குப் பெயர் லூக்காஸ்–லேமர் சோதனை. 4லிருந்து தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்தால் எத்தனையோ அத்தனை முறை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 127க்குப் போட்டுக் காட்டுகிறேன், அடுக்கு 7, ஆகவே ஐந்து முறை.

4 × 4 − 2 = 14.
14 × 14 − 2 = 194, மீதி 67.
67 × 67 − 2 = 4487, மீதி 42.
42 × 42 − 2 = 1762, மீதி 111.
111 × 111 − 2 = 12319 = 127 × 97, மீதி 0.

127 பகா எண். ஒரு வகுத்தியையும் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். 2203க்கு இதையே 2201 முறை செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் 664 இலக்க எண் வரைக்கும் வர்க்கப்படுத்த வேண்டும். கையால் ஆகாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் 1876ல் 127ஆம் அடுக்கைக் கையால்தான் நிரூபித்தார், அதற்கு மேல் 75 வருஷத்துக்கு ஒருவராலும் போக முடியவில்லை. 1952ல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஸ்வாக் என்ற கணினிக்கு ரஃபேல் ராபின்சன் என்ற கணிதப் பேராசிரியர், கையேட்டைப் படித்தே நிரல் எழுதி அனுப்பினார். ஜனவரி 30 அன்று 521, 607 இரண்டும் கிடைத்தன. ஜூனில் 1279. அக்டோபர் 7ஆம் தேதி 2203. அன்றைக்கு மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் 2²²⁰³ − 1 தான்.

ஆறாம் படி: அதிலிருந்து நிறைவெண்

6இன் வகுத்திகள் (6 தவிர) 1, 2, 3, கூட்டினால் 6. 28க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. இவை நிறைவெண்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காலத்திலேயே தெரியும். மெர்சென் எண்ணோடு, அடுக்கில் ஒன்று குறைந்த 2இன் அடுக்கைப் பெருக்க வேண்டும். 4 × 7 = 28, 16 × 31 = 496.

2203க்கு வருவது 2²²⁰² × (2²²⁰³ − 1), 1327 இலக்கம். இது 28 என்று முடியும் என்பதை முழு எண்ணையும் பார்க்காமலே சொல்லலாம், 4 ஆல் வகுத்தால் மீதி 3 வரும் அடுக்குகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். 8128க்கும் பாருங்கள், அதன் அடுக்கு 7.

6ஐத் தவிர மற்ற இரட்டை நிறைவெண்கள் எல்லாம் அடுத்தடுத்த ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினால் வரும். 28 = 1³ + 3³. 496 = 1³ + 3³ + 5³ + 7³. எத்தனை கனங்கள் என்றால், அடுக்கில் ஒன்று குறைத்துப் பாதியாக்கி, அதை 2இன் அடுக்காக வைத்தால் வரும் எண்ணிக்கை. 2203க்கு 2¹¹⁰¹ கனங்கள். நான்காம் படியில் பார்த்த அதே 1101. இரண்டு இடத்திலும் அது 2202இன் பாதி என்பதால் வருகிறது, ஆனால் அங்கே சுழற்சி சரிபாதியில் வந்து நின்றது 2203இன் சொந்தக் குணம்.

நீங்கள் போட வேண்டியது

தெரிந்ததில் மிகப் பெரிய பகா எண்ணைத் தந்த அடுக்கு என்ற பெருமையை 2203 இரண்டே நாள்தான் வைத்திருந்தது. அக்டோபர் 9ஆம் தேதி அதே ஸ்வாக் 2281ஐக் கண்டுபிடித்துவிட்டது. அதற்கும் இந்தப் படிகளை முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். 48² = 2304, ஆகவே சோதிக்க வேண்டிய பகா எண்களில் 47ம் சேர்ந்துகொள்ளும். 2281ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் மூன்றாம் படியில் 2203க்குச் சாத்தியப்படாத ஒன்று இதற்குச் சாத்தியம், இரண்டே வர்க்கங்கள் போதும். சின்னவள் 2203க்குக் கிடைத்த 45ஐ இதற்கும் வைத்துப் பார்த்தாள். 2281 − 2025 = 256. அது 16².